மணியை மாற்ற அப்பாவிடம் கேட்க வேண்டுமாம்

சேசு மரி சூசை துணை

தச்சநல்லூர்,
ஜூன் 13, வெள்ளிக்கிழமை, அந்தோணியார் திருநாள்.
(இந்தத் தேதி நம் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதியது அல்ல. பக்கத்து வீட்டு ஷரீபா பீவியின் காலண்டரைப் பார்த்து எழுதியது. ஆகவே நம்பலாம்.)

பாசமுள்ள மகன் எட்வினுக்கு,

உன் அம்மா தெரசா எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீயும் மருமகள் பெனிஷாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் இருக்கிறேன். காலையில் கடையைத் திறக்கிறேன், சாயங்காலம் அடைக்கிறேன், நடுவில் சாப்பிடுகிறேன். அதற்கு மேல் இந்த வீட்டில் எதையும் மாற்ற எனக்கு அனுமதி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும், "சொல்லுங்கம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். சொல்லச் சொல்கிறாயா, வைக்கச் சொல்கிறாயா என்று எனக்குப் புரிவதற்குள் நீயே வைத்துவிடுகிறாய். காகிதம் அப்படி இல்லை. உன் மீட்டிங் முடியும்வரை மடித்தபடி கிடக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். சம்பந்தம் சார் திருத்தித் தருகிறேன் என்றுதான் சொன்னார். அவர் கைபட்டு ஏற்கனவே ஒரு காகிதம் அச்சாகி ஊரே சிரித்தாகிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும்.

உன் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கிரேன் அறைக்குள் ஓட்டுகிறவன் கை தவிர வேறு கை படக்கூடாது, பட்டால் கீழே நிற்கிறவன் தலையில் சரக்கு விழும் என்று அங்கே சட்டம். நியாயமான சட்டம். ஆனால் ரிட்டயர் ஆகி, உப்புக் காற்று போதும் என்று தச்சநல்லூரில் வீடு பார்த்து வந்த பிறகும் அந்த மனிதர் கிரேனை விட்டு இறங்கவில்லை. வீட்டில் மோட்டார் சுவிட்சை அவர்தான் போட வேண்டும். மீட்டர் பெட்டியை அவர்தான் திறக்க வேண்டும். பிரிட்ஜுக்குள் குளிர் கூடவா குறையவா என்று அவர்தான் திருக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேலை கட்ட நான் நேரமாக்குகிறேன் என்று சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முந்தி வைத்தார். நான் மறுநாள் அவர் முழிப்பதற்கு முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிட்டேன். அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து வந்து கடிகாரத்தைப் பார்ப்பார், "ஏளா, பதறாத. நம்ம மணி பத்து நிமிசம் முந்தி ஓடுது, நான் வச்சதுல்லா" என்று சொல்லிவிட்டுப் பைய சவரம் பண்ணுவார். இப்படித்தான் நாங்கள் வருஷக்கணக்காகப் பூசைக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பிந்துவதற்குக் காரணம் என் சேலைதான் என்று சாமியாரிடமே சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. மோட்டாரும் அப்படித்தான். அவர் முழிப்பதற்குள் போட்டு நிறுத்திவிடுவேன். தொட்டியை எட்டிப் பார்த்து, "பாத்தியா, முந்தாநாள் நான் ரொப்புனது இன்னும் நிக்குது. நீ போட்டிருந்தா வீணடிச்சிருப்ப" என்பார். "ஆமாங்க" என்பேன். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

பிறகு முன்னறையில் தன் பெயரிலேயே 'தொம்மை ஜெராக்ஸ்' என்று போர்டு மாட்டினார். நீ கம்ப்யூட்டர் வாங்கித் தந்தாய். ஒரு கம்ப்யூட்டர், அதில் நாலு பேர் கை. அப்பா, நான், பிளவுஸ் தைக்கிற ஷரீபா பீவி, ரிட்டயர்டு தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் சார். ஷரீபா கழுத்து டிசைன் பார்க்க வருவாள். சார் கலெக்டருக்கு மனு அடிக்க வருவார். சாக்கடைத் தண்ணீர் ஆற்றில் கலக்கிறது என்று அவர் அடித்த மனுக்களை ஒட்டவைத்தால் குறுக்குத்துறையில் ஒரு தடுப்பணையே கட்டலாம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள், 'தினமும் காலையில் உங்கள் வீட்டில் செபமாலை' என்று திரையில் ஒரு விளம்பரம் வந்தது. மாதா படமும் போட்டிருந்தது. மாதா கூப்பிடும்போது வேண்டாம் என்று எந்தக் கிறிஸ்தவள் சொல்லுவாள்? அமுக்கினேன். மறுநாள் காலையில் செபமாலை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு அருள்நிறை மரியே சொன்னது. அதற்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை சீட்டுக்கட்டோடு வந்து, "வாங்க, ரம்மி விளையாடலாம்" என்று சத்தம் போட்டாள். சார் மனு அடித்துக்கொண்டிருக்கும்போது கலெக்டர் பெயருக்கு மேலேயே வந்து நின்றாள். சார் எழுந்து நின்று, "அம்மணி, கொஞ்சம் விலகுங்க" என்று அவளிடமே கேட்டார்.

அன்றைக்கு அப்பா உன்னிடம் போனில் கத்தினது தெருவுக்கே கேட்டது. "எலேய், உங்க அம்மை கையக் கட்டிப் போடுலே! பொட்டியப் பூரா நாசம் பண்ணிட்டா!" நீயும் மகராசன், பெங்களூரில் இருந்தபடியே எங்கள் கையைக் கட்டினாய். உன் வேலையே அதுதானே, ஆபீசில் ஆயிரம் பேருக்கு இதைத் தொடாதே அதைத் தொடாதே என்று பூட்டுப் போடுவது. அப்பாவுக்கு அந்த வேலையைச் சும்மா பார்த்தாய். திரையில் அம்புக்குறி யாரும் தொடாமல் தானாக நகர்ந்தது. ஷரீபா, "யா அல்லா, எக்கா, இது தானா நவுருதே!" என்று தையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்பா நிர்வாகி. நாங்கள் மூன்று பேரும் ஸ்டாண்டர்டு யூசர். நான் அஞ்சாம் ஸ்டாண்டர்டு படித்ததால் எனக்கு மட்டும் அந்தப் பெயர் என்று நினைத்தேன். எம்.ஏ. படித்த சாருக்கும் அதுதான் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் சமாதானம் ஆனது, அவருக்குத்தான் முகம் வாடிவிட்டது.

திரையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு படமும் வந்தது. சாருக்குச் சதுரங்கக் காய், ஷரீபாவுக்குப் பூ, எனக்கு நாய்க்குட்டி. அப்பாவுக்கு மட்டும் சொந்தப் போட்டோ, ரிட்டயர்மென்ட் அன்று துறைமுகத்தில் மாலையோடு எடுத்தது. அதில் நானும் பக்கத்தில் நின்றேன். சின்னச் சதுரத்துக்குள் இரண்டு பேர் அடங்கவில்லை என்று என்னை வெட்டிவிட்டார். முழுதாக வெட்டத் தெரியவில்லை, என் தோளும் பச்சைச் சேலையும் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் கேட்டேன், "எனக்கு எதையுமே மாத்த முடியாதா?" அவர் பெருமையாகச் சொன்னார், "யாரு சொன்னா? நாய்க்குட்டிய மாத்தி பூனைக்குட்டி வையி. பின்னால இருக்க மலைய மாத்தி கடல வையி. அதெல்லாம் உனக்கு உரிமை. மணி, பிரிண்டரு, எழுத்து, புதுசா எது ஏத்துனாலும் என்னயக் கேட்டுக்கோ." கேட்டுக்கொண்டேன். கேட்கும்போதெல்லாம் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை அடிப்பார். ஒரு கட்டிலில் படுக்கிற பெண்டாட்டியைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்த ஆள் அவர்.

போன ஜூலையில் ஒருநாள் காலையில், கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். கொண்டு வந்தேன். நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் இல்லை. அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை, நீ வந்து பார்த்தாய். மோட்டார் சுவிட்ச் எனக்கு வந்தது, மீட்டர் பெட்டிச் சாவி எனக்கு வந்தது, பிரிட்ஜ் திருகு எனக்கு வந்தது. இத்தனை வருஷம் அவர் முழிப்பதற்கு முன்னால் எழுந்து பழகிய உடம்பு. இப்போதும் அதே நேரத்துக்கு எழுந்து மோட்டாரைப் போடுகிறேன். முழிக்க ஆள் இல்லை. பட்டப்பகலில் போட்டாலும் ஒன்றும் கேட்க ஆள் இல்லை.

பாஸ்வேர்டு மட்டும் அவரோடு போய்விட்டது. நாங்கள் முயற்சி பண்ணாமல் இல்லை. முதலில் என் பெயரைப் போட்டேன். தப்பு என்றது. இரண்டு நாள் அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. பிறகு உன் பெயரைப் போட்டேன். அதுவும் தப்பு என்றது. உடனே ஏற்றிவிட்டேன். கிரேன் நம்பர், தூத்துக்குடியில் எங்களுக்கு இருந்த பழைய மீன்பிடி வள்ளத்தின் பெயர், பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், எல்லாரையும் போட்டோம். யூதாஸைப் போடலாமா என்று ஷரீபா கேட்டாள், எனக்கே கை கூசியது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். என் மூக்குத்தியைக் கொடுத்தார், ஷரீபாவின் ஆட்டையே கொடுத்தார், அவள் சாதி மதம் பார்க்காமல் நேர்ந்துகொண்டதற்கு. பாஸ்வேர்டுக்கு நேர்ந்தேன், வாயே திறக்கவில்லை. அவருக்கும் அந்த அனுமதி இல்லை போலிருக்கிறது.

அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். பழைய பிரிண்டர் சாகக் கிடக்கிறது, புதுப் பிரிண்டர் அனுமதி கேட்டு அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போகட்டும். தமிழ் எழுத்து ஏற்ற முடியாமல் சாரின் மனுவெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதுவும் போகட்டும், கலெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஏப்ரல் மாசத்தில் கரண்ட் அடிக்கடி போனதே, அதிலிருந்துதான் சனி பிடித்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் 2010ஆம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடுகிறது. நாங்கள் எல்லாரும் இங்கே கிழடாகிக்கொண்டிருக்க, அது மட்டும் புதுவருஷம் கொண்டாடுகிறது. இன்டர்நெட்டைத் திறந்தால், 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று இங்கிலீஷில் திட்டுகிறது. சார் படித்துச் சொன்னார். பின்தங்கிவிட்டது எங்களுக்கும் தெரியும், சொல்லுகிற உனக்குச் சரிபண்ணத் தெரியாதா என்று நான் திரையிடமே கேட்டேன்.

மணியை மாற்றலாம் என்று ஓரத்தில் அமுக்கினால் என்ன நடக்கிறது தெரியுமா? திரை முழுக்க விளக்கணைத்த மாதிரி மங்குகிறது. நடுவில் ஒரு பெட்டி வருகிறது. அதில் அப்பா. மாலையும் மீசையுமாக, பக்கத்தில் என் அரைத் தோளோடு. கீழே ஒரு கோடு மின்னி மின்னிப் பாஸ்வேர்டு கேட்கிறது. "இந்த மாற்றத்தைச் செய்ய நிர்வாகியின் அனுமதி வேண்டும்" என்று சார் மொழிபெயர்த்தார். செத்து அடக்கம் பண்ணி, கல்லறைக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. இன்னும் மணியை மாற்ற அவரைத்தான் கேட்க வேண்டுமாம். நான் விடவில்லை, மனம் மாறியிருப்பாரோ என்று தினமும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன். ஒருநாள் ஷரீபா கவனித்துவிட்டாள்.

"எக்கா, பாஸ்வேர்டு இல்லன்னு தெரியும்லா. எதுக்குத் தினம் இத அமுக்குதீய?"

"மணி சரியா இருக்கான்னு பாக்கேன்."

"வருசமே பதினஞ்சு தள்ளி நிக்குது. மணியப் பாத்து என்ன செய்யப் போறீய?"

"உனக்கு பிளவுஸ் தைக்க வேல இல்லியாளா?"

போய்விட்டாள். ஆனால் அதிலிருந்து நான் அமுக்குகிற நேரம் வந்தால் அவளாகவே எழுந்து வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறாள். இங்கிதம் தெரிந்தவள்தான், இருந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நீ ஏப்ரலிலேயே போனில் சொன்னாய். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அது செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாய். கூடவே இன்னொன்றும் சொன்னாய், "அதோட அப்பா கணக்கையும் அழிச்சிட்டு உங்கள நிர்வாகியாக்கிரலாம்மா. இறந்தவங்க பேர்ல நிர்வாகிக் கணக்கு இருக்கக் கூடாது, பாதுகாப்பு இல்ல." இரண்டாவது சொன்னதைக் கேட்டதும் முதலாவது சொன்னது என் காதை விட்டு இறங்கிவிட்டது. அழித்தால் போட்டோவும் போகுமா என்று கேட்டேன். போகும் என்றாய். உனக்கு நினைவிருக்கும், நான் அன்று கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். "செத்தவரு நிர்வாகியா இருந்தா என்னல? உசிரோட இருக்க நிர்வாகியெல்லாம் சாக்கடைய ஆத்துல விட்டுட்டு உக்காந்திருக்கான். எங்க ஆளு பொட்டிக்குள்ள சும்மாதான இருக்காரு!" என்றேன். பிறகு, "சரிம்மா, நீங்க எழுத்துல குடுத்தாத்தான் அழிப்பேன்" என்றாய். ஆபீஸ் பழக்கம். பெற்றவளிடமும் எழுத்து கேட்கிறாய்.

இதோ எழுத்தில் தருகிறேன். ஏன் என்று கேள்.

அப்பாவுக்கு அடுத்த மாசம் வருஷப் பூசை. அழைப்பு அட்டை அடிக்க வேண்டும். சார், "அம்மா, நான் இருக்கேன், நீங்க கவலப்படாதீங்க" என்றார். அவர் கவலைப்படாதீங்க என்றதும் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். தமிழ் கட்டம் கட்டமாக விழும் என்று இங்கிலீஷிலேயே அடித்தார். தன் பேரன் சொல்லிக்கொடுத்தான் என்று, அட்டையின் உச்சியில் அன்றன்றைய தேதி தானாகவே விழுகிற மாதிரி ஒரு வித்தை செய்துவைத்தார். பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஜங்ஷனில் அச்சடிக்கலாம் என்று பார்த்தால், மனிதருக்கு அவசரம், நம் கடையிலேயே பழைய பிரிண்டரைத் தட்டிக் குலுக்கி ஒரு நல்ல பிரதி எடுத்து, அதை நம் ஜெராக்ஸ் மெஷினிலேயே கட்டுக்கட்டாக நகல் எடுத்துவிட்டார். நான் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன், சிலுவை நேராக இருந்தது, அப்பா பெயர் சரியாக இருந்தது. வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் கையில் அட்டையோடு என்னைக் கூப்பிட்டார்.

"தெரசாம்மா, வருசப் பூசைக்கு அழைப்பு 2010ஆம் வருசமே அடிச்சு வச்சிட்டீங்களோ?"

"இல்ல சாமி, இப்பத்தான்..."

"மேல தேதி போட்டிருக்கே, ஜனவரி ஒண்ணு, 2010. ஆளு போனது 2024. தொம்மைக்கு இது தெரியுமா?"

பின்னால் நின்ற பெண்டுகள் எல்லாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். மீன் கூடையோடு வருகிற அன்னத்தாய் இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்குமா. "சாமி, அந்தக்கா எல்லாத்துலயும் முன்யோசன. மனுசன் பாவம், பதினாலு வருசம் காத்திருக்க வச்சிட்டாரு" என்றாள். சாமியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன். செத்தவருக்கு அட்டை அடித்தேன், அதில் என்னைக் கொலைகாரி மாதிரி ஆக்கிவிட்டது அந்தப் பெட்டி. மறுநாள் ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போய்க் கறுப்பு மையால் தேதியை அடித்துக்கொடுத்தேன். கறுப்புக் கோடு துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சார் சொல்கிறார். அவரிடம் பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. மனு அடிக்க மட்டும் வருகிறார்.

அதனால் சொல்கிறேன் எட்வின், போதும். எத்தனையோ காலம் இந்த வீட்டில் நான் அனுமதி கேட்டாகிவிட்டது. உசிரோடு இருந்தபோது கேட்டேன், அதில் ஒரு நியாயம் இருந்தது, கேட்டால் எப்போதாவது சரி என்பார். இப்போது கேட்டால் சிரித்துக்கொண்டே மீசையோடு நிற்கிறார், சரி என்றும் சொல்வதில்லை, முடியாது என்றும் சொல்வதில்லை. இதற்கு மேல் ஒரு பொம்பளை எவ்வளவு பொறுப்பாள்? நீ ஜங்ஷனில் இருக்கிற ஹாஜா என்கிற மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று சொன்னாயே, அவனை அனுப்பு. அப்பா கணக்கை அழிக்கச் சொல்லு. போட்டோ போனால் போகட்டும், சுவரில் பெரிதாக ஒன்று மாட்டியிருக்கிறது, அதில் என் தோள் இல்லை, அவ்வளவுதான். என்னை நிர்வாகி ஆக்கிவிடு. முதல் வேலையாக மணியை மாற்றுவேன். இரண்டாவது, புதுப் பிரிண்டரை அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுப்பேன். மூன்றாவது, சாருக்குத் தமிழ் எழுத்து ஏற்றுவேன், பேசத் தொடங்கின பிறகு. நாலாவது, செபமாலையைத் திரும்பப் போடுவேன். ரம்மிக்காரி வந்தால் வரட்டும், அவளும் ஒரு பேச்சுத்துணை.

பெனிஷாவுக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் யார் நிர்வாகி என்று எனக்குத் தெரியும், ஆகவே அவள் சொல்வதைக் கேட்டு நட. வெயிலில் அலையாதே. வெள்ளிக்கிழமை கறி தின்னாதே. ஆபீசில் ஆயிரம் பேருக்குப் பூட்டுப் போடுகிற கை, சாப்பாட்டு நேரத்தில் உன் வயிற்றுக்கும் பூட்டுப் போட்டுவிடாதே. பனிமய மாதா தன் மேலாடைக்குள் உங்கள் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். அந்தோணியார் உனக்குத் தொலைந்தது எல்லாவற்றையும் கண்டெடுத்துத் தரட்டும், எனக்குத்தான் தரவில்லை.

இப்படிக்கு,
உன் தாய்,
தொ. தெரசா
(ஸ்டாண்டர்டு யூசர்)

பின்குறிப்பு:
சனிக்கிழமை. கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன், வாசலில் ஹாஜா வந்து நிற்கிறான். நீ அனுப்பியதாகச் சொன்னான். என் எழுத்து வருவதற்கு முன்னாலேயே ஆளை அனுப்பிவிட்டாய், உன் ஆபீஸ் சட்டம் என்ன ஆனது? பெட்டியைத் திறந்தான். உள்ளே தூசியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. அந்தக் காசு பேட்டரியை மாற்றினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "அம்மா, அண்ணன் சொன்னாவ, நீங்க சரின்னா அய்யா கணக்க அழிச்சிருன்னு. ரெண்டு நிமிசந்தான். அழிச்சிரட்டா?"

நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே, ஆமாம் அழி என்று நானே எழுதியிருக்கிறேன். ஷரீபா எழுந்து வெற்றிலை போட வெளியே போனாள்.

"மணிய மட்டும் மாத்துய்யா" என்றேன்.

"அதுக்கும் அய்யாவக் கேக்கும்லா. ஆனா ஒரு வழி இருக்கும்மா. கம்ப்யூட்டர் முழுசா எந்திரிக்கதுக்கு முந்தி, இந்தப் பொத்தான அமுக்கி உள்ள போனா ஒரு இடம் வரும். அங்கன மாத்திட்டா யாரையும் கேக்காது."

"அவரு முழிக்கதுக்கு முந்தியா?"

"அப்பிடித்தான் வச்சுக்கோங்களேன்."

"எய்யா, அது எனக்குப் பழக்கந்தான். மாத்து" என்றேன்.

மாற்றிவிட்டான். கரண்ட்டை நிறுத்திப் போட்டும் பார்த்தோம், தேதி நின்ற இடத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. மணி தான் வைத்தபடியேதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பிரிண்டர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், அச்சடிக்க ஹாஜா கடைக்கு ஆட்களை அனுப்புகிறேன், ஜங்ஷன் ஒன்றும் தூரம் இல்லை. சாரும் கட்டம் கட்டமாகவே மனு அடிக்கட்டும். ஹாஜா போன பிறகு, மணி சரிதானா என்று ஓரத்தில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். திரை மங்கியது, பெட்டி வந்தது, என் தோளும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாம் என்கிற பொத்தானை அமுக்கிவிட்டுக் கடையைக் கவனித்தேன்.

மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதக் கை வலிக்கிறது. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். முழுக்கப் படி. அதில் சொன்ன எதையும் செய்யாதே. ஜூலையில் பூசைக்குப் பெனிஷாவோடு வந்து சேர். வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் போகாதே. உனக்கு அந்த அனுமதி இல்லை.